மறுக்கா கழுவிய தட்டுகள்

ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் அந்தப் பெண் முதலில் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பாள். நடந்த தப்பு அங்கே எழுதியிருக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பாள். “நான் எங்கயோ உட்டுட்டனுங்க” என்பாள். மற்றதையெல்லாம் அதற்குப் பிறகுதான் பார்ப்பாள்.

ஒரு மார்கழி மாதம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கரண்டு இல்லை. எங்கள் லேபில் உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிற பெட்டி ஒன்று உண்டு. அது குளிர்ந்துபோய், உள்ளே அவள் வளர்த்துக்கொண்டிருந்ததெல்லாம் செத்துக் கிடந்தது. நாங்கள் எல்லோரும் கரண்டு ஆபீஸைத் திட்டினோம். அவள் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா வந்து பார்த்திருக்க வேண்டும், தன் தப்புதான் என்றாள். சாமான் அறையைக் கவனிக்கும் ஸ்டோர்க்காரர் வேடிக்கையான மனுஷர். “மானம் பொத்துக்கிட்டு ஊத்துனாலும், நாந்தானுங்க ஓட்டைய அடைக்க மறந்துட்டேன்னு இந்தப் புள்ள சொல்லும்” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் எங்கள் லேபில் இருந்த இரண்டரை வருஷத்தில் என் வாயால் ஒரு நாளும் அந்தப் பெயரைக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுத மட்டும் எனக்கு என்ன பாத்தியதை? ‘அவர்’ என்று மரியாதையாக எழுதலாமே என்றால், அப்போது என் மனசில் இருந்தது ‘அவள்’தான். அதை இப்போது மாற்றி எழுதினால் அது இன்னொரு பொய்யாகப் போகும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த சங்கதி. சூலூருக்குப் பக்கத்தில் எங்களுக்கு எட்டு ஏக்கர் தோட்டம் இருந்தது. கரும்பு, தென்னை, வெல்லம் காய்ச்சுகிற ஆலை எல்லாம் இருந்தன. போர் போட்டுப் போட்டும் தண்ணீர் வரவில்லை. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். தோட்டம் கைமாறியது. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. லேபைக் கூட்டித் துடைத்து, கண்ணாடி ஏனங்களைக் கழுவி வைக்கிற வேலை. ஊரில் கேட்டவர்களிடம் காலேஜில் மேற்பார்வை என்று சொல்லிவைத்தேன். தோட்டம்தான் போயிற்று, தோட்டத்துக்காரி போகவில்லை.

என் கழுவலில் ஒருவர் குறை சொல்ல முடியாது. நான் கழுவி வைத்த கண்ணாடிக் குடுவை வெயிலில் இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பேராசிரியரே வெளியூர் ஆட்களிடம் சொல்லுவார்.

அவள் வந்து சேர்ந்த அன்று நான்தான் முதலில் பேசினேன். முப்பது வயதிருக்கும். கறுப்பாக, ஒல்லியாக, பளிச்சென்று சேலை கட்டியிருந்தாள். பெரிய படிப்புக்கு ஆராய்ச்சி செய்ய வந்திருக்கிறாள் என்றார்கள். “வாங்க கண்ணு, உக்காருங்க” என்று, கொண்டுபோயிருந்த அரிசிம்பருப்புச் சோற்றில் பாதியைத் தூக்குப்போசி மூடியில் வைத்துக் கொடுத்தேன். அவளும் ருசித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடிக்கும்போது, எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதைப்போல, எந்த ஊர், என்ன கூட்டம், அதாவது என்ன குலம் என்று கேட்டேன்.

“கூட்டமெல்லாம் இல்லீங்க பெரியம்மா. பெருந்துறைக்குப் பக்கத்துல காலனிங்க. அப்பா பண்ணயத்துல ஆளுக்காரருங்க.”

அவள் முகம் மாறாமல்தான் சொன்னாள். என் முகம் மாறியது எனக்கே தெரிந்தது. அவள் மூடியைக் குழாயில் நன்றாகக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். அதை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சூலூர் பஸ் நிலையத்து சிமெண்ட் பெஞ்சில் வைத்துவிட்டு, மறந்துவிட்டுப் போகிறவள் மாதிரி நடந்தேன்.

மறுநாளிலிருந்து என் பேச்சில் ‘ங்க’ உதிர்ந்தது. வா, போ, அதை எடு. அவள் பேச்சில் அது ஒரு நாளும் உதிரவில்லை. பெரியம்மா என்பதையும் விடவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். தோட்டத்தில் வேலை செய்கிற பெண்கள் வெளித் தொட்டியில் ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நாங்கள் மறுக்கா ஒரு தண்ணீரில் அலசித்தான் உள்ளே எடுப்போம். அவர்கள் கண் முன்னால் செய்வதில்லை. அதை நாங்கள் பெரிய நாகரிகம் என்று நினைத்திருந்தோம். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் என் மாமியார் எனக்குச் சொல்லித் தந்தது அதுதான். முப்பது வருஷம் செய்த கை, லேபுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா?

அந்தப் பெண் தன் ஏனங்களைத் தானே கழுவிக் கவிழ்ப்பாள். அவள் சாப்பிடப் போனதும் நான் எல்லாவற்றையும் மறுக்கா கழுவி அலமாரியில் ஏற்றுவேன். அதில் யாரும் சோறு தின்னப்போவதில்லை. நான் தொட்டு அடுக்க வேண்டும், அவ்வளவுதான். தினம் இது நடந்தது. ஒரு நாள் குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தவள், நான் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டாள். வாசலிலேயே கொஞ்சம் நின்றாள். பிறகு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“சோப்பு ஒட்டியிருந்துச்சுங்களா பெரியம்மா?”

ஆமாம் என்றேன். அடுத்த நாளிலிருந்து அவள் ஒவ்வொன்றையும் கூட இரண்டு தண்ணீரில் அலசினாள். பாவம், நம்பிவிட்டாள் என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நான் மறுக்கா கழுவுவதை விடவில்லை.

அவள் செய்த வேலை கொஞ்சம் விசித்திரமானது. இறால் ஓட்டிலிருந்து எடுத்த வெள்ளைத் தூளைப் புளித்த வாடை அடிக்கும் நீரில் கரைப்பாள். உள்ளங்கை அகலத்துக்கு மூடி போட்ட கண்ணாடித் தட்டுகள் இருக்கும். அந்தக் கரைசலை அதில் ஊற்றிச் சுழற்றி, வடித்து, காயவைத்து, இன்னொரு நீரில் நனைத்து மறுபடி காயவைப்பாள். ஒரு தட்டுக்கு இரண்டு நாள் ஆகும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் தட்டு முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கும். எனக்கு ஒன்றும் தெரியாது.

என்ன எழவு இது என்று ஒரு நாள் கேட்டேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் அவளிடம் ஏதாவது கேட்பதே அபூர்வம்.

“வெறும் கண்ணாடி மேல உசுருள்ளது நிக்க மாட்டேங்குதுங்க பெரியம்மா. உருண்டுக்கும், மெதக்கும், அப்பிடியே செத்துப்போகும். இந்தப் பூச்சு இருந்தா காலை ஊனிப் பரப்பிக்கிட்டு உக்காந்துக்குமுங்க. அப்பறம் பக்கத்துல ஒண்ணு, அதுக்குப் பக்கத்துல ஒண்ணு.”

எவ்வளவு தடிமன் என்று கேட்டதற்கு, தலைமுடியை நீளவாக்கில் ஆயிரமாகப் பிளந்தால் அதில் ஒன்று இருக்கும் என்றாள். அப்படியானால் பூச்சு இருக்கிறது என்று எப்படித்தான் தெரியும் என்றேன்.

“அது மேல நிக்குதுல்லங்க, அதை வெச்சுத்தானுங்க.”

நான் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுவது ஒட்டாமலிருக்க. இவள் தடவுவது ஒட்டுவதற்கு. அந்த மட்டில் புரிந்தது. மனுஷத் தோலின் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளை இளஞ்சிவப்பு நீரில் கலந்து அந்தத் தட்டில் விடுவாள். அவை ஒட்டி வளர்ந்து ஒரு படலமாக வந்தால், வெந்துபோன உடம்பில் அதைப் போர்த்தலாமாம். பூச்சு நன்றாக வந்தால் பிறகு துணி மேலேயே பூசிக் கட்டலாமாம்.

“எங்கப்பாவுக்குக் கை வெந்துபோச்சுங்க” என்று அப்போதுதான் சொன்னாள். வேலை பார்த்த தோட்டத்து முதலாளி, பண்ணாடியின் ஆலையில் வெல்லப்பாகு கொப்பரையிலிருந்து தெறித்து முழங்கை வரைக்கும் வெந்துவிட்டதாம். தோல் சரியாகவே மூடவில்லையாம். பிறகு ஒரு தமாஷ் சொல்கிற மாதிரி, கீழே விழுந்தவர் எழுந்திருப்பதற்கு முன்னாலேயே பண்ணாடியைப் பார்த்து, நாந்தானுங்க தள்ளி நின்னுருக்கோணும் என்று சொன்னாராம் என்றாள்.

உள்ளங்கையைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் ஆலையிலும் ஒருவனுக்குக் கால் வெந்தது. அவனும் வலியோடு வலியாக அதையேதான் சொன்னான். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. தரை துடைக்கிற மாப்பை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

இன்னொரு நாள், மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தவள் திடீரென்று நிமிர்ந்து என்னைக் கூப்பிட்டாள். அவை நன்றாகப் பிடித்துவிட்டனவாம். சீக்கிரம் வந்து பாருங்கள் என்றாள். எழுந்து முக்காலியைக்கூட எனக்காகத் தள்ளிப் போட்டாள். இப்போதுதான் அவள் கண்ணை ஒட்டி வைத்திருந்த குழாயில் நான் என் கண்ணை வைப்பதா? எனக்குப் பார்வை சரியில்லை என்றேன். ஊசியில் நூல் கோக்கிறவள் நான். அவளுக்கும் அது தெரியும், ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான் அவள் கோட்டுக்கு நான் பட்டன் தைத்துக் கொடுத்திருந்தேன், அதுவும் பேராசிரியர் சொன்னதால். முக்காலியை இழுத்து மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாவது வருஷம் ஆடி மாதம் டெல்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள். அவள் வேலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பார்த்துத் திருப்தியானால் இன்னும் மூன்று வருஷம் வேலை நீளும், படிப்பும் முடியும். இல்லையென்றால் அந்த மாதத்தோடு சரி. ஸ்டோர்க்காரர் இதை என்னிடம் சொல்லி, “இந்தப் புள்ள தேறிரோணும் அம்மணி” என்றார். நானும் தலையை ஆட்டினேன். மனசார ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் பன்னிரண்டு தட்டுகளுக்குப் பூச்சு போட்டாள். ஒரு வாரம் அதே வேலை. காய்ந்ததும் திறந்த அலமாரியில் வரிசையாக வைத்து, முன்னால் ஒரு சீட்டு ஒட்டினாள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, சுண்டைக்காய் அளவுக்குப் பெரிதாக எழுதியிருந்தாள்: பூச்சு போட்டது. கழுவ வேண்டாம்.

நான் படித்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தேன்.

பேராசிரியர் அன்று காலையில்தான் லேபு முழுக்கக் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், ஒரு பொட்டு அழுக்குத் தெரியக்கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால்தான் கழுவினேன் என்று பின்னால் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். காலனியிலிருந்து வந்தவள், எட்டு ஏக்கர் ஆண்டவளுக்குச் சீட்டு எழுதி வைப்பதா என்று நினைத்தேன். அதுதான் நிஜம். ஒரு தட்டை எடுத்து ஜன்னலில் காட்டிப் பார்த்தேன். பூச்சாவது ஒன்றாவது? அதன் மேல் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் கை பட்டது ஒன்றுதான்.

அவள் சாப்பிடப் போயிருந்தாள். வெந்நீர் வைத்து, சோப்புத் தூள் போட்டு, நார் வைத்துப் பன்னிரண்டையும் தேய்த்தேன். விரலில் லேசாக ஒரு வழவழப்பு வந்து, பிறகு போயிற்று. அது போகிற வரைக்கும் தேய்த்தேன். துடைத்து, எடுத்த வரிசையிலேயே திரும்ப வைத்தேன். சீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலையில் அவள் அந்தத் தட்டுகளில் இளஞ்சிவப்பு நீரை விட்டுப் பெட்டிக்குள் வைத்தாள். அதிகாரிகள் வருவதற்கு இரண்டு நாள் இருந்தது. முதல் நாள் பொழுதோடு எடுத்துப் பார்த்தபோதே அவள் முகம் செத்துவிட்டது. இன்னும் நேரம் இருக்கிறது, பிடித்துக்கொள்ளும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். இங்கிலீஷில் சுருக்கமாக ஏதோ பேசினார்கள். டீ குடித்தார்கள், போனார்கள். பேராசிரியர் அவர்களைக் காரில் ஏற்றிவிட்டு வந்து, தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு எட்டு நாள். அந்த எட்டு நாளைத்தான் என்னால் இன்றைக்கும் தாண்ட முடியவில்லை. அவள் தன் தப்பைத் தேடினாள். தூளை மறுபடி எடைபோட்டாள். தண்ணீரைச் சோதித்தாள். நோட்டைப் பின்னாலிருந்து முன்னாலும் முன்னாலிருந்து பின்னாலும் படித்தாள். ஒரு காரணத்தை எழுதுவாள், சோதித்துப் பார்ப்பாள், அடிப்பாள், அடுத்ததை எழுதுவாள். நடு நடுவே அந்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் இரண்டு கஜத் தூரத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ என்னிடம் வந்தாள்.

“ஏனுங்க பெரியம்மா, அந்தத் தட்டுக ஏதாச்சும் நகந்திருந்துச்சுங்களா? நீங்க பாத்தீங்களா?”

“நான் எதுக்கு அதைத் தொடறேன்?” என்றேன். “நீதான் சீட்டு ஒட்டியிருந்தியே.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சரிங்க என்று திரும்பிப் போனாள்.

அப்போதே சொல்லியிருந்தால் பேராசிரியர் டெல்லிக்கு ஒரு கடிதாசி எழுதியிருப்பார். கழுவுகிறவள் தெரியாமல் கழுவிவிட்டாள், மறுபடி வந்து பாருங்கள் என்று கேட்டிருக்கலாம். எனக்கு என்ன ஆகியிருக்கும்? ஒரு திட்டு விழுந்திருக்கும். மிஞ்சினால் வேலை போயிருக்கும். எனக்குப் பயம் அதற்கல்ல. தப்பு செய்தவளாக அவள் முன்னால் நிற்க வேண்டுமே, அதற்குத்தான்.

எட்டாம் நாள், மிச்சமிருந்த கரைசலில் ஒரே ஒரு தட்டுக்குப் பூச்சு போட்டு வளர்த்திருந்ததைப் பார்த்தாள். அந்தப் பூச்சில் எல்லாம் ஜம்மென்று பிடித்திருந்தது. தூளும் சரி, தண்ணீரும் சரி, அவள் கையும் சரி. நோட்டில் இருந்த காரணங்களையெல்லாம் அடித்துவிட்டாள். பேராசிரியர் வந்து பார்த்துவிட்டு, நன்றாகத்தானே வருகிறது, அன்றைக்கு என்னதான் ஆயிற்று என்று கேட்டார். நான் ஜன்னலைத் துடைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

“என் கவனக்குறைவு சார்” என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டார். கவனக்குறைவு என்று டெல்லிக்கு எழுத முடியாது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாதக் கடைசி நாள் பொழுதோடு, நாலு மணி இருக்கும், அவள் தன் சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். மைக்ராஸ்கோப்பில், ஜம்மென்று பிடித்திருந்த அந்தத் தட்டு இருந்தது. லேபில் வேறு யாரும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“பெரியம்மா, நான் கழுவுன ஏனத்தையெல்லாம் நீங்க மறுக்கா கழுவுவீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. அன்னிக்குக் குடைக்கு வந்தப்பவே தெரியும். தெரிஞ்சும் அந்தத் தட்டுகளைத் தெறந்த அலமாரியில வெச்சுப்போட்டுப் போனேன் பாருங்க, அதுதான் நான் உட்ட எடம். சீட்டு ஒட்டினாப் பத்தும்னு நெனச்சுப்போட்டேன்.”

குரலில் கோபம் இல்லை. நோட்டில் கடைசி வரியை எழுதி முடிக்கிற குரல்.

என் வாயில் வந்திருக்க வேண்டியது வேறு. வந்தது இதுதான்: “அப்ப சார்கிட்ட ஏன் சொல்லல?”

“உங்களுக்காகன்னு நெனச்சுக்காதீங்க. சொன்னா, அந்தம்மா எதுக்குக் கழுவுச்சுன்னு கேப்பாங்க. அதுக்குப் பதிலை நான் என் வாயால சொல்லோணும்.”

அன்று அவள் தன் உள்ளங்கையைப் பார்க்கவில்லை. மாப்புக் கட்டையைப் பிடித்திருந்த என் கையைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, மைக்ராஸ்கோப்பில் இருக்கிற தட்டு இனி யாருக்கும் வேண்டியதில்லை, கழுவிக்கொள்ளலாம் என்றாள். தினமும் ‘வாரேனுங்க’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவள், அன்று “போறேனுங்க” என்றாள்.

பிறகு அவளை நான் பார்க்கவில்லை. பெருந்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருப்பதாக ஸ்டோர்க்காரர் ஒருமுறை சொன்னார். சூலூரிலிருந்து எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் அரை நாளில் போய்த் திரும்பலாம். நான் போகவில்லை. முதலில் வெட்கத்தால் போகவில்லை, பிறகு போகாத வெட்கத்தால் போகவில்லை.

அன்று அவள் போன பிறகு மாப்பைச் சுவரில் சாய்த்தேன். அந்தத் தட்டைப் பார்த்துவிடுவது என்று தோன்றியது. கால் ஊன்றிப் பரப்பிக்கொண்டு உட்காரும் என்றாளே, அதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். முக்காலியில் உட்கார்ந்தேன். தினம் பார்த்துப் பழகியதால் விளக்குப் பொத்தான் எங்கே என்று தெரியும். போட்டேன். குனிந்தேன்.

குனிவதற்கு முன்னால் என் கை முந்தானை நுனியை எடுத்து, அவள் கண் வைத்த இடத்தை அழுத்தித் துடைத்தது. துடைத்து முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை. கண்ணை வைத்தேன். துடைத்த வேகத்தில் எதையோ அசைத்துவிட்டிருந்தேன் போலிருக்கிறது. வெள்ளையாக வெளிச்சம் இருந்தது. அதில் ஒன்றும் தெரியவில்லை.